மரக்காலோடு மக்கம் சென்ற மாமேதை

அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ் தன் அடியார்களில் சிலருக்குக் கொடுத்துச் சோதிக்கிறான். சிலரிடமிருந்து எடுத்துச் சோதிக்கிறான். கொடுத்த பின் எடுப்பது சோதனைகளிலெல்லாம் கடினமானது. ஓடியாடித் திரிந்த கால் ஒருநாள் இல்லாமற் போவதும், கிதாபைப் பார்த்த கண் ஒருநாள் இருண்டுவிடுவதும் எத்தகைய அதிர்ச்சி என்பது அதை அனுபவித்தவர்களுக்கே தெரியும். அதிலும், மார்க்கக் கல்வி தேடி வீட்டை விட்டுப் புறப்பட்ட இளம் மாணவருக்கு இப்படி நேர்ந்தால், உடலோடு உள்ளமும் முறிந்துவிடுகிறது. இனி நான் எதற்கு உதவுவேன், மிஹ்ராபில் என்னை யார் நிறுத்துவார்கள், மக்கள் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்ற எண்ணங்கள் அவரை அரித்துத் தின்கின்றன. ஓதுவதை இடையில் நிறுத்திவிட்டு வீட்டு மூலையில் முடங்கிவிடுகிறவர்களும் உண்டு.

அத்தகைய மாணவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் அறிய வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்து, ஒரு காலை இழந்து, மரக்கால் பொருத்திக்கொண்டு, அறபு மொழியின் இமாமாக உயர்ந்த அல்லாமா அபுல் காஸிம் மஹ்மூது இப்னு உமர் ஸமக்ஷரீ அவர்களின் வரலாறே அது. தஃப்ஸீர் ஓதிய எவரும் அவர்களின் பெயரை அறிவார்கள். அவர்களின் காலைப் பற்றி அறிந்தவர்கள் சிலரே.

பிறந்த ஊர்

ஹிஜ்ரி 467, ரஜப் பிறை 27ல் (கி.பி. 1075) குவாரிஸ்ம் நாட்டிலுள்ள ஸமக்ஷர் என்னும் சிற்றூரில் அவர்கள் பிறந்தார்கள். ஜைஹூன் நதி பாயும் அந்தப் பகுதி இன்று துர்க்மெனிஸ்தான், உஸ்பெகிஸ்தான் ஆகிய நாடுகளில் அடங்கியிருக்கிறது. அங்கே குளிர்காலம் மிகக் கடுமையானது. நதியே உறைந்து, அதன்மீது மனிதரும் மிருகங்களும் நடந்து செல்வார்கள். தந்தையார் மார்க்கப் பற்றுள்ளவர், வசதி குறைந்தவர். தாயார் இளகிய மனம் படைத்தவர்கள். தாய்மொழி அறபு அல்லாத அந்த ஊரில் பிறந்த பிள்ளை, பிற்காலத்தில் அறபிகளுக்கே அறபு இலக்கணம் கற்பிக்கும் நிலையை அடைந்தது அல்லாஹ்வின் நாட்டம்.

கால் போன விதம்

அன்னாரின் கால் எப்படிப் போனது என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட செய்திகளைத் தருகிறார்கள். பயணம் ஒன்றில் கடும் பனியில் சிக்கிக் கால் மரத்துப் பயனற்றுப் போனது என்பது ஒரு செய்தி. ஹிஜ்ரி 681ல் வஃபாத்தான இப்னு கல்லிகான் (ரஹ்) அவர்கள் இதைக் கூறிவிட்டு, பனியாலும் குளிராலும் இவ்வாறு உறுப்புகளை இழந்த பலரைத் தாமே கண்டிருப்பதாகவும், ஆகவே இதை நம்பமுடியாத செய்தியென எவரும் எண்ண வேண்டாம் என்றும் எழுதுகிறார்கள். காலில் ஒரு கட்டி புறப்பட்டு, அதனால் காலை வெட்டி எடுக்க நேர்ந்தது என்றும் ஒரு செய்தி உண்டு.

மூன்றாவது செய்தி அல்லாமா அவர்களே சொன்னதாக வருவது. அவர்கள் பக்தாதுக்குச் சென்றிருந்தபோது, தாமகானீ என்ற ஹனஃபீ சட்ட மேதை அவர்களிடம் காலைப் பற்றி விசாரித்தார். தாயின் துஆவே காரணம் என்று அல்லாமா அவர்கள் விடையளித்தார்கள். சிறு பிள்ளையாக இருந்தபோது ஒரு சிட்டுக்குருவியைப் பிடித்து அதன் காலில் நூல் கட்டி விளையாடினார்களாம். குருவி கையிலிருந்து நழுவிப் பறந்து ஒரு பொந்துக்குள் நுழைந்தது. நூலைப் பிடித்து இழுத்தபோது அதன் கால் துண்டாகி வந்துவிட்டது. அதைக் கண்டு மனம் பதறிய தாயார், குருவியின் காலை நீ அறுத்ததுபோல் உன் காலையும் அல்லாஹ் அறுப்பானாக என்று வேதனையில் சொல்லிவிட்டார்கள். பின்னர் கல்வி கற்கும் வயதடைந்து புகாரா நோக்கிப் பயணம் புறப்பட்டபோது, வாகனத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. முறிவு முற்றி, காலையே எடுக்க வேண்டியதாயிற்று.

இந்தச் செய்தியை வாசிக்கும்போது ஒன்றை நாம் கவனமாக விளங்க வேண்டும். குருவியின் கால் அறுந்தது அவர்கள் பருவமடையாத பிள்ளையாக இருந்தபோது. பருவம் அடையும்வரை பிள்ளையின்மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்த மார்க்கம். ஆகவே இந்தச் சம்பவத்தை ஆதாரமாகக் காட்டி, ஊனமடைந்த ஒருவரைப் பார்த்து இது உன் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. இதில் பாடம் பெற வேண்டியவர்கள் பெற்றோர்கள். பிள்ளைகளுக்கு எதிராகத் துஆச் செய்யாதீர்கள், அது துஆ ஏற்கப்படும் நேரமாக அமைந்துவிடக்கூடும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். கோபத்தில் வாய் திறக்கும் தாய்மார்கள் இதை மறக்கலாகாது. அல்லாமா அவர்களோ தாயாரின்மீது ஒரு சொல் குறை கூறியதாகச் செய்தியில்லை. கேட்டவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள், அவ்வளவுதான்.

தையலா, ஓதலா?

கால் இழந்த மகனைக் கண்டு தந்தையார் கவலையில் ஆழ்ந்தார். நடக்க இயலாத பிள்ளை நாளை எப்படிப் பிழைப்பான்? உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய தையல் தொழிலைக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று அவர் எண்ணியதாக ஒரு செய்தி கூறுகிறது. தந்தையின் அந்த எண்ணத்தில் தவறில்லை. பாசமுள்ள எந்தத் தந்தையும் அப்படித்தான் நினைப்பார். தையலும் ஹலாலான, கண்ணியமான தொழிலே. ஆனால் மகனின் உள்ளம் கல்வியில் இருந்தது. என்னைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று அவர்கள் தந்தையிடம் வேண்டிக்கொண்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு அழகிய கையெழுத்தைக் கொடுத்திருந்தான். எழுதிக் கொடுத்தே வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டு கல்வியைத் தொடர்ந்தார்கள்.

அருமைப் பெற்றோர்களே! இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். போனது கால். கை இருந்தது, கண் இருந்தது, மனனம் செய்யும் ஆற்றல் இருந்தது. இல்லாத காலை வைத்துத் தந்தை கணக்கிட்டார். இருக்கும் கையை வைத்து மகன் கணக்கிட்டார். இரண்டு கணக்குகளில் எது பலித்தது என்பதை உலகம் பார்த்தது.

அபூ முளர் என்ற பெயரால் அறியப்பட்ட மஹ்மூது இப்னு ஜரீர் அள்ளப்பீ என்ற மொழி அறிஞர் அன்னாருக்கு உஸ்தாதாக வாய்த்தார். அவர் பாடம் சொல்லிக் கொடுத்ததோடு நில்லாமல், மாணவரின் ஏழ்மையை அறிந்து பொருளுதவியும் செய்தார். உஸ்தாது மறைந்தபோது மாணவர் பாடிய இரங்கற்பா, அவர்களுக்கிடையே இருந்த பாசத்துக்குச் சாட்சியாக நிற்கிறது. ஊனமடைந்த மாணவர் ஒருவர் தலைநிமிர்ந்து நிற்க, அவரை நம்பும் ஓர் உஸ்தாது வேண்டும்.

நீண்ட அங்கியும் சாட்சிப் பத்திரமும்

அல்லாமா அவர்கள் மரத்தால் ஒரு காலைச் செய்து பொருத்திக்கொண்டார்கள். வெளியே நடக்கும்போது நீண்ட அங்கியை அதன்மேல் தொங்கவிட்டுக்கொள்வார்கள். பார்ப்பவர்கள் அவர்கள் சற்றுக் காலைச் சாய்த்து நடப்பவர் என்றே எண்ணுவார்கள். இதோடு இன்னொன்றும் செய்தார்கள். தம் கால் எவ்வாறு போனது என்பதை நேரில் அறிந்த பலரிடம் சாட்சியம் பெற்று, அதைப் பத்திரமாக எழுதி வைத்துக்கொண்டார்கள்.

எதற்காக இந்தப் பத்திரம்? ஷரீஅத்தின் தண்டனைச் சட்டம் நடைமுறையிலிருந்த காலம் அது. திருட்டுக்குக் கை வெட்டப்படும். மீண்டும் திருடினால் கால் வெட்டப்படும். வழிப்பறிக் கொள்ளைக்கு மாறுகை மாறுகால் வாங்கும் தண்டனையும் உண்டு. அறிமுகமில்லாத ஊரில் காலில்லாத ஒருவர் போய் இறங்கினால், இவன் என்ன குற்றம் செய்தானோ என்ற ஐயம் எழக்கூடும். சாதாரண மனிதருக்கே அது பெரும் பழி. ஆலிமின் சொல்லை மக்கள் ஏற்பதோ அவருடைய நேர்மையை நம்பித்தான். அந்த நம்பிக்கை போய்விட்டால் அவரிடம் யார் கல்வி கற்பார்கள்?

ஆகவே அவர்கள் பழியை எண்ணி வீட்டில் அடைந்து கிடக்கவில்லை. சந்தேகத்துக்கு உரிய விடையைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார்கள். அங்கியால் மறைத்ததையும் நாம் குறையாக எண்ண வேண்டியதில்லை. தம் உடலில் எதை யாருக்குக் காட்டுவது என்பது அவரவர் விருப்பம். தெருவில் போகிறவருக்கெல்லாம் அவர்கள் காட்டவில்லை. தாமகானீயைப் போல் விசாரித்தவருக்கு ஒளிக்கவுமில்லை. வந்த நிலையை ஒப்புக்கொண்டு, மானத்தையும் காத்துக்கொண்டு நடப்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

உள்ளத்தில் இருந்த நோய்

ஒரு காலோடு வாழப் பழகிவிட்ட அவர்களுக்கு, வேறொரு குறை நெடுங்காலம் மனத்தை வருத்தியது. தம் அறிவுக்கேற்ற பதவி கிடைக்கவில்லை என்பதே அது. இளமையில் நிஜாமுல் முல்க் போன்ற வஸீர்களையும் பெரும் அதிகாரிகளையும் புகழ்ந்து கவிதை பாடினார்கள். தம்மைவிடக் கல்வியில் குறைந்தவர்கள் உயர்ந்த இடத்தில் அமர்ந்திருப்பதைக் கண்டு உள்ளம் நொந்தார்கள். எதிர்பார்த்த எதுவும் கைகூடவில்லை.

ஹிஜ்ரி 512ல் (கி.பி. 1118), 45ம் வயதில், கடுமையான நோயொன்று அவர்களைப் படுக்கையில் தள்ளியது. எச்சரிக்கை செய்ய வந்த நோய் என்று அவர்களே அதற்குப் பெயர் வைத்தார்கள். அல்லாஹ் சுகம் அளித்தால் இனி எந்த அரசனின் வாசற்படியையும் மிதிப்பதில்லை, பரிசுக்காக எவரையும் புகழ்ந்து பாடுவதில்லை, தம் கல்வியை மார்க்கத்துக்கே செலவிடுவது என்று நேர்ந்துகொண்டார்கள். அல்லாஹ் சுகம் அளித்தான். மறு ஆண்டு, 513 ரமளானில் அறபு இலக்கணத்தில் அல்முஃபஸ்ஸல் என்ற நூலைத் தொடங்கி, 515 முஹர்ரமில் முடித்தார்கள். பிற்காலத்தில் திமிஷ்கை ஆண்ட அல்மலிக்குல் முஅள்ளம் ஈஸா, இந்த நூலை மனனம் செய்பவருக்கு 100 தீனாரும் ஓர் அங்கியும் பரிசாக அறிவித்தார் என்றால் அதன் சிறப்பை என்னென்பது! அரச வாசலில் பரிசு தேடி நின்றபோது கிடைக்காத மதிப்பு, அந்த வாசலை விட்டு விலகிய பின் அவர்களின் நூலைத் தேடி வந்தது.

காலின் இழப்பை ஏற்றுக்கொள்வது ஒரு படி. பிறரோடு தன்னை ஒப்பிட்டு ஏங்குவதை விடுவது அதைவிட உயர்ந்த படி. முன்னதை உடல் பழக்கிக் கொடுத்துவிடும். பின்னதற்கு அல்லாஹ்வின்மீது தவக்குல் வேண்டும்.

ஜாருல்லாஹ்

குவாரிஸ்மின் தலைநகர் ஜுர்ஜானிய்யாவுக்கும் மக்கா முகர்ரமாவுக்கும் இடையே, நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் இருக்கும். மலையும் பாலைவனமும் கடந்து செல்லும் பாதையோ இன்னும் நீளம். அந்தத் தூரத்தை மரக்கால் கொண்ட அந்த மனிதர் ஒருமுறைக்கு மேல் கடந்தார்கள். அங்கே ஸ்பெயினிலிருந்து வந்து தங்கியிருந்த அப்துல்லாஹ் இப்னு தல்ஹா அல்யாபுரீ என்ற அறிஞரிடம் ஸீபவைஹியின் இலக்கண நூலை ஓதினார்கள். கஃபாவின் அருகிலேயே நீண்டகாலம் தங்கியதால் ஜாருல்லாஹ், அதாவது அல்லாஹ்வின் அண்டைவீட்டார், என்ற பட்டம் அவர்களுக்குக் கிடைத்தது. கால் போனவர் என்று அவர்களை எவரும் அடையாளம் சொல்லவில்லை. ஜாருல்லாஹ் என்றே இன்றுவரை கிதாபுகள் அழைக்கின்றன.

இரண்டாம் முறை மக்கா சென்றபோது, அறபிகள் கழுத்தை ஒடிக்கும் பத்து என்று அழைக்கும் அறுபதுகளை அவர்கள் நெருங்கியிருந்தார்கள். குர்ஆனுக்கு விரிவுரை எழுதுமாறு வழிநெடுகப் பலரும் வேண்டினார்கள். மக்காவின் ஷரீஃபுகளில் ஒருவரான அலீ இப்னு ஹம்ஸா இப்னு வஹ்ஹாஸ், அதற்காகப் பாலைவனங்களைக் கடந்து குவாரிஸ்முக்கே வரத் துணிந்திருந்தார். கஃபாவுக்கு எதிரே அமர்ந்து எழுதத் தொடங்கினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று மதிப்பிட்ட வேலை, ஹஜ்ரத் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களின் கிலாஃபத் காலமளவில், அதாவது இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களுமாக நிறைவுற்றது. ஹிஜ்ரி 528ல் (கி.பி. 1134) அல்கஷ்ஷாஃப் முடிந்தது. ஹரம் ஷரீஃபின் பரக்கத்தால்தான் இது நடந்தது என்று அவர்களே கூறினார்கள்.

ஓர் எச்சரிக்கை

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது அமானிதத்துக்கு மாறு. அல்லாமா அவர்கள் சட்டத்தில் ஹனஃபீ மத்ஹபைச் சார்ந்தவர்கள். அகீதாவிலோ முஃதஸிலாக் கொள்கையைப் பின்பற்றினார்கள். அதைத் தம் தஃப்ஸீரிலும் கலந்திருக்கிறார்கள். அஹ்லுஸ்ஸுன்னத் வல்ஜமாஅத்தின் உலமாக்கள் அதை ஏற்கவில்லை. அலெக்ஸாந்திரியாவின் இப்னுல் முனய்யிர் (ரஹ்) அவர்கள் அதற்கென்றே மறுப்பு எழுதினார்கள். ஆனால் குர்ஆனின் சொல்லழகையும் இலக்கண நுட்பத்தையும் விளக்குவதில் கஷ்ஷாஃபுக்கு நிகர் அதுவே என்பதையும் நம் இமாம்கள் மறைக்கவில்லை. இமாம் பைளாவீ (ரஹ்) அவர்கள் அதன் சாரத்தை எடுத்து, கொள்கைப் பிழைகளை நீக்கித் தம் தஃப்ஸீரை அமைத்தார்கள். நம் நாட்டு அறபுக் கல்லூரிகளில் பைளாவீ ஓதும் மாணவர், மரக்கால் கொண்ட அந்த மேதையின் உழைப்பிலும் பங்கு பெறுகிறார்.

முதுமையும் வஃபாத்தும்

அலெக்ஸாந்திரியாவிலிருந்த ஹதீஸ் மேதை ஹாஃபிள் ஸிலஃபீ (ரஹ்) அவர்கள் இஜாஸத் கேட்டு மக்காவுக்குக் கடிதம் எழுதினார்கள். விருப்பம் நிறைவேறாததால், அடுத்த ஆண்டு ஹாஜிகள் மூலம் மீண்டும் எழுதினார்கள். அதற்கு எழுதிய பதிலில் அல்லாமா அவர்கள், தமது கல்வி அற்பமானது, மக்கள் புகழ்வதைக் கேட்டு ஏமாற வேண்டாம் என்று தம்மை மிகவும் தாழ்த்திக்கொண்டார்கள். ஹிஜ்ரி 533ல், 66 வயதில், பக்தாதில் அபூ மன்ஸூர் அல்ஜவாலீகீ அவர்களிடம் மொழி நூல்களை ஓதி இஜாஸத் பெற்றார்கள். கஷ்ஷாஃபை எழுதி முடித்தவர் மாணவராகக் கிதாபுடன் அமர்ந்த காட்சியை எண்ணிப் பாருங்கள்.

அவர்கள் மணம் செய்துகொள்ளவில்லை. நிக்காஹ் நாயகம் (ஸல்) அவர்களின் ஸுன்னத். ஊனமுற்றவருக்கும் அதில் முழு உரிமை உண்டென்பதால், இந்த ஒன்றில் அவர்களை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஹிஜ்ரி 538, அரஃபா இரவில் (கி.பி. 1144) ஜுர்ஜானிய்யாவில் வஃபாத்தானார்கள். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் அவ்வூருக்கு வந்த இப்னு பதூதா, குப்பாவுடன் கூடிய அன்னாரின் கப்ரைத் தம் பயண நூலில் குறிப்பிட்டிருக்கிறார்.

நாம் செய்ய வேண்டியவை

கால் போன மாணவரே! உம் இபாதத்தில் எதுவும் குறைந்துவிடவில்லை. கணுக்காலுக்கு மேலே வெட்டப்பட்டிருந்தால் உளூவில் அந்தக் காலைக் கழுவும் கடமை நீங்கிவிட்டது. கழுவ வேண்டிய பகுதியில் ஏதேனும் எஞ்சியிருந்தால் அதை மட்டும் கழுவினால் போதும். நிற்க முடிந்தால் நின்று தொழும். இயலாவிட்டால் உட்கார்ந்து தொழும். தகுந்த காரணத்தால் உட்கார்ந்து தொழுபவருக்கு நின்று தொழுத கூலி குறைவதில்லை. ஆரோக்கியமாக இருந்தபோது செய்துவந்த அமல்களின் நன்மை, நோயாளிக்கு எழுதப்பட்டு வருகிறது என்பது நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன நற்செய்தி. தவாஃபை நடந்து செய்ய இயலாதிருந்த அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களை வாகனத்தில் அமர்ந்து செய்யுமாறு அவர்கள் பணித்தார்கள்.

ஜமாஅத்தாரே! காலில் குறை என்பதற்காக ஓர் ஆலிமை மிஹ்ராபிலிருந்து விலக்காதீர்கள். கண் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் தாம் வெளியே சென்றபோது மதீனாவில் மக்களுக்குத் தொழவைக்க விட்டுச் சென்றார்கள். தமது இறுதி நோயில் நாயகம் (ஸல்) அவர்களே உட்கார்ந்தபடி தொழவைக்க, ஸஹாபாக்கள் பின்னே நின்று தொழுதார்கள். ஷாஃபியீ மத்ஹபிலும், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடத்திலும், ருகூவும் ஸுஜூதும் செய்யும் இமாம் உட்கார்ந்திருந்தாலும் நிற்பவர்கள் அவரைப் பின்பற்றுவது கூடும்.

நம் ஊர்களில் ஊனத்தைப் பெயரோடு சேர்த்து அழைக்கும் வழக்கம் இருக்கிறது. பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதை ஸூரா ஹுஜுராத் தடுக்கிறது. ஹதீஸ் கிதாபுகளில் அஃரஜ், அதாவது காலூனமுற்றவர், என்று ஒருவரின் பெயர் வருகிறதே என்று கேட்கலாம். ஒரே பெயருள்ள பலரைப் பிரித்தறிய, இழிவு நோக்கம் சிறிதுமின்றி அவ்வாறு குறிப்பதை மட்டுமே உலமாக்கள் அனுமதித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்களிடமிருந்து ஏராளமான ஹதீஸ்களை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அந்த அஃரஜ் என்பதும் கவனிக்கத்தக்கது. அவர் பெயரை உச்சரிக்காமல் புகாரீ ஷரீஃபை ஓதி முடிக்க முடியாது.

உஸ்தாதுமார்களே! இத்தகைய மாணவர் உங்களிடம் வந்தால் இரக்கத்தோடு பாடத்தையும் கொடுங்கள். இரக்கம் மட்டும் கொடுத்துப் பாடத்தைக் குறைப்பது அநீதி. உளூச் செய்யும் இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, படியில்லாத ஒரு வழி, தரைத்தளத்தில் ஓர் அறை ஆகிய மூன்றையும் எந்த மத்ரஸாவும் செய்து கொடுக்கலாம். மற்றதை அந்த மாணவரின் உழைப்பும் அல்லாஹ்வின் உதவியும் பார்த்துக்கொள்ளும்.

யா அல்லாஹ்! உறுப்புகளை இழந்த எங்கள் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு உறுதியைத் தருவாயாக! எடுத்ததற்கு ஸப்ரையும், மீதம் வைத்ததற்கு ஷுக்ரையும் அவர்களுக்கு அருள்வாயாக! அவர்களைத் தாங்கிப் பிடிக்கும் நற்கரங்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.